லொறிச் சில்லுகளின் ஆட்டம் அடக்கிய புஸ்பம் அம்மையாருக்கு

வாவி வளைந்தோடும் ஆரையம்பதியில் வாழ்ந்து, வட்டைச் சேற்றையும் துறைமுகத்து உப்பையும் வாரிக்கொண்டு வந்து நிற்கும் பாரச் சில்லுகளைச் சுரண்டிச் சுத்தஞ்செய்து, சுழற்றிச் சோதித்து, ஈயமிட்டு இணக்கி, இம்மியும் ஆடாமல் இத்தீவின் எல்லாத் தெருக்களுக்கும் அனுப்பிவைத்த எங்கள் பணிமனையின் பெருமையே! எண் காட்டும் கண்ணாடியை இமையாது நோக்கிய ஏந்திழையே! சாரதிமாரின் கைநடுக்கம் தீர்த்த கருமவீரரே! எழுவான் படுவான் பாரவண்டிக் கூட்டுறவுச் சங்கத்தின் சில்லுப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் முகஞ்சுளியாது பணியாற்றி இன்று ஓய்வுபெறும் திருமதி சாமித்தம்பி புஸ்பம் அம்மையாரே! தங்களைத் தலைவணங்கி வரவேற்கிறோம்.

விளிப்பது இவ்வளவுதான். இதற்கு மேல் அம்மையாரை நேருக்கு நேர் புகழ எங்களுக்கு அனுமதி கிடையாது. கந்தோரில் எழுதுவினைஞராக இருக்கும் மேனுகாதான் இந்த மடலை எழுதியவர். போன திங்கட்கிழமை அவர் இதன் முதற்பத்தியை எடுத்துக்கொண்டு போய் அம்மையாருக்கு வாசித்துக் காட்டினார். "ஏந்திழை" வரைக்கும் பொறுமையாகக் கேட்டவர், அங்கே கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"புள்ள, என்ட முகத்தப் பாத்து இதெல்லாம் வாசிச்சா நான் எழும்பிப் போயிருவன். சனத்தப் பாத்து வாசி. நான் ஒரு ஓரமா இரிந்து கேக்கன். மறுகா இன்னொண்டு, பொய் எழுதப்படாது."

இரண்டு கட்டளைகளுக்கும் நாம் கட்டுப்பட்டோம். ஆகவே இனிச் சொல்வது சபையோரே, உங்களுக்கு. அம்மையாரைப் பற்றி அவர் காதில் விழும்படி சொல்கிறோம். அவர் எழும்பிப் போகாமல் பார்த்துக்கொள்வதற்காக வாசலில் இரண்டு பேரை நிறுத்தியும் இருக்கிறோம்.

விருந்தினர்களில் பலருக்கு அவர் செய்த வேலை என்னவென்று தெரியாதிருக்கலாம். எங்கள் லொறிகளின் டயர்கள் சாதாரண டயர்கள் அல்ல. வெல்லாவெளிப் பக்கத்து வயல் வட்டைகளுக்குள் இறங்கி நெல் மூட்டை ஏற்றவும், அதே லொறி வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடவும் வேண்டியிருப்பதால், நெஞ்சுயரம் நிற்கும் பெரிய டயர்களைத்தான் பூட்டுவோம். அப்படிப்பட்ட சில்லில் ஒரு பக்கம் மட்டும் ஒரு மாம்பழத்தின் எடை கூடியிருந்தால் போதும். மெதுவாகப் போகையில் ஒன்றும் தெரியாது. வேகம் எடுத்ததும் சுக்கான் நடுங்கும், சாரதியின் தோள் கழன்றுவிடும் போலிருக்கும், கொஞ்ச நாளில் டயர் குழி குழியாகத் தேயும். எந்த இடத்தில் எவ்வளவு எடை குறைகிறது என்பதைச் சுழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் ரிம்மின் விளிம்பில் ஈயக்கட்டி அடிப்பதற்குப் பெயர்தான் பெலன்ஸ் பண்ணுவது.

அம்மையார் இந்தப் பணிமனைக்கு வந்தது ரிம்மில் காய்ந்த சேறு சுரண்டுவதற்காக. பதின்மூன்று ஆண்டுகள் சேறுதான் சுரண்டினார். பெலன்ஸ் மெசின் வந்த அன்று, அதைப் பூட்ட வந்த ஆள் ஒரு பகல் முழுவதும் எங்களுக்கு விளக்கம் சொன்னார். ஆண்கள் எல்லோரும் சில்லைத் தூக்கும் பாரந்தூக்கியை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் எண் காட்டும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். பின்னேரம் அந்த ஆள் பரீட்சை வைத்தபோது சரியாகச் செய்து காட்டியது யார் என்று நாம் சொல்லத் தேவையில்லை. அன்று தோற்றவர்களில் சிலர் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள், கை தட்டாமல் இருந்தால் கண்டுகொள்ளலாம்.

சேறு சுரண்டிய கை என்பதால்தானோ என்னவோ, சேறு இருக்கும் சில்லை அவர் மெசினில் ஏற்றவே விடமாட்டார். "சேத்துக்கு ஈயம் அடிச்சா, சேறு விழுந்த பொறகு ஈயம்தான் ஆட்டும்" என்பார். சில்லை ஏற்றிச் சுழற்றி, ஈயம் அடித்து, மெசின் இரு பக்கமும் பூச்சியம் காட்டிய பிறகு மற்றவர்கள் இறக்கிவிடுவார்கள். இவர் இறக்கமாட்டார். சில்லைக் கழற்றி, மெசினின் தண்டில் அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டி, மறுபடியும் சுழற்றுவார். அப்போதும் பூச்சியம் காட்டினால்தான் மெசின் சொன்னது உண்மை என்று நம்புவார். பிறகுதான் அந்தச் சில்லின் அட்டையில் "சரி" என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். புஸ்பம் அக்காவின் கையெழுத்து இருந்தால் சில்லு ஆடாது என்பது வாழைச்சேனையிலிருந்து வெல்லாவெளி வரைக்கும் சாரதிமார் சத்தியம் பண்ணும் விசயமாக இருந்தது.

பொய் எழுதப்படாது என்று சொல்லியிருப்பதால் குணத்தையும் சொல்லவேண்டும். அந்த நாட்களில் யாராவது சாரதி வந்து, "அக்கா, சுக்கான் ஆடுது" என்றால் அம்மையாருக்குப் பொல்லாத கோபம் வரும். "ஆடுறது ரோட்டு. இல்லாட்டி உன்ட கை. என்ட சில்லு ஆடாது" என்று சொல்லித் துரத்திவிடுவார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தரம் அவர் சொல்வதுதான் உண்மையாகவும் இருந்தது. மிச்சமிருந்த அந்த ஒரு தரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், பெரும்போக விதைப்புத் தொடங்கிய வாரம். வயலில் இறங்கும் உழவு இயந்திரங்களின் பின்சில்லுகளுக்குள் நம்மூரில் தண்ணீர் ஏற்றுவது வழக்கம். பாரம் கூடினால்தான் சேற்றில் பிடித்து நிற்கும். எங்கள் பணிமனையில் காற்றுக்கும் தண்ணீருக்கும் அப்போது ஒரே நீளக் குழாய்தான். ஒரு பக்கம் திருகினால் தண்ணீர், மறுபக்கம் திருகினால் காற்று. அன்று பதினொரு உழவு இயந்திரங்கள் வாசலை அடைத்துக்கொண்டு ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. அந்த நெரிசலுக்குள்தான் உதயரூபன் தன் லொறியை உள்ளே விட்டார். வெல்லாவெளிக்காரர், எங்கள் சங்கத்தில் அப்போது நான்கு வருடச் சாரதி. வலது பக்க முன்சில்லுக்கு ஒட்டுப் போட்டு, காற்றடித்து, பெலன்ஸ் பார்த்துக் கொடுக்கவேண்டும். பின்னேரம் துறைமுகத்தில் மீன் காத்திருந்தது.

குழாயை எடுத்துக் காற்றடித்தது அம்மையார்தான். அதற்குச் சற்று முன்வரை அந்தக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததை அவசரத்தில் மறந்துவிட்டார். குழாய்க்குள் நின்ற தண்ணீர் அவ்வளவும் காற்றோடு சேர்ந்து லொறிச் சில்லுக்குள் போனது. மெசினில் ஏற்றிச் சுழற்றினார், ஓர் எண் காட்டியது. ஈயம் அடித்துச் சுழற்றினார், வேறோர் இடத்தில் வேறோர் எண் காட்டியது. மூன்றாந் தரம் எப்படியோ பூச்சியத்துக்குக் கிட்ட வந்து நின்றது. வெளியே ஹோர்ன் சத்தம். மெசின் வந்து பதினொரு ஆண்டுகளில் முதல் தடவையாக அம்மையார் அரைச்சுற்றுத் திருப்பிப் பார்க்காமல் அட்டையில் "சரி" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

வெலிக்கந்தை தாண்டியதும் லொறி நடுங்கத் தொடங்கியது. உதயரூபன் வேகத்தைக் குறைத்து ஊர்ந்து போனார். சந்தை கலைந்த பிறகு போய்ச் சேர்ந்த மீனை யாரும் ஏற்கவில்லை. திரும்பி வந்து, "அக்கா, சில்லு ஆடுது" என்றார். வழமையான மறுமொழிதான் கிடைத்தது. அடுத்த வாரமும் சொன்னார். அதற்கடுத்த வாரமும் சொன்னார். மூன்று வாரத்தில் டயர் குழிவிழுந்து தேய்ந்து, முன் அச்சின் மூட்டும் தளர்ந்து லொறி படுத்துவிட்டது. சாரதி எங்கேயோ பாலத்தில் இடித்துவிட்டு மறைக்கிறார் என்று கந்தோரில் முடிவு கட்டினார்கள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை அதற்கு முன்பே தட்டச்சுச் செய்து வைத்தும்விட்டார்கள்.

உதயரூபனுக்கு எதிராக இருந்த சாட்சி ஒன்றே ஒன்று. சில்லு அட்டையில் இருந்த புஸ்பம் அம்மையாரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இருக்கையில் சில்லு ஆடியிருக்காது, சில்லு ஆடாவிட்டால் பிழை சாரதியுடையது. அம்மையாரின் நல்ல பெயர்தான் அந்த மனிதனின் தொழிலைப் பறிக்கப் போனது. விசாரணை நாளில் அம்மையார் செய்யவேண்டியிருந்ததெல்லாம், "ஓம், இது என்ட கையெழுத்துத்தான்" என்று சொல்லிவிட்டு வருவது மட்டுமே.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம் உதயரூபன் தன் சாமான்களை எடுத்துப் போக வந்திருந்தார். அம்மையாரைக் கண்டதும் கோபப்படாமல், களைத்துப்போன குரலில் ஒரு விசயம் சொன்னார்.

"அக்கா, அது எப்பவும் ஆடினா நானும் என்ட கைதான் பிழையெண்டு நினைச்சிருப்பன். ஒரு நேரம் ஆடுது, ஒரு நேரம் ஆடல்ல. தேத்தண்ணிக்கு நிப்பாட்டிட்டு எடுத்தா வேற மாதிரி ஆடுது."

அவர் போய்விட்டார். அம்மையார் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். ஈயத்தில் பிழையென்றால் சில்லு எப்போதும் ஒரே மாதிரித்தான் ஆடும், நிறுத்தி எடுத்தால் மாறாது. மாறுகிறதென்றால் உள்ளே இருப்பது ஏதோ இடம் மாறுகிறது. பாரந்தூக்கியில் அவருக்குத் துணையாக நிற்கும் கிரிசாந்தைக் கூப்பிட்டு, பின்வளவில் கழற்றிப் போட்டிருந்த அந்தச் சில்லைக் கொண்டுவந்து மெசினில் ஏற்றச் சொன்னார். மூன்று தரம் சுழற்றினார். மூன்று தரமும் மூன்று எண்கள். பிறகு சுவரில் தொங்கிய குழாயைப் பார்த்தார். ஒரு எண்ணெய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்ததை அன்றுதான் கண்டதாகக் கிரிசாந்த் இப்போதும் சொல்வார்.

"அக்கா, விடுங்க. இது நமக்குள்ள கிடக்கட்டும், ஆருக்கும் தெரியாது" என்று கிரிசாந்த் மெல்லச் சொன்னார்.

"அப்ப நீ வெல்லாவெளிக்குப் போய் உதயரூபன்ட பொஞ்சாதியிட்டச் சொல்லிட்டு வா மனே, ஆருக்கும் தெரியாதெண்டு" என்றார் அம்மையார்.

சபையோர் ஒன்றை அறியவேண்டும். எங்கள் சங்கத்தில் ஓய்வுபெறுகிறவரின் சேவைப் பதிவுக் கோவையில் ஒரு குறைதானும் எழுதப்படாமல் இருந்தால், பணிப்பாளர் சபை "மாசற்ற சேவைச் சான்றிதழ்" வழங்கும். சில்லுப் பிரிவில் அதைப் பெற்றவர் அதுவரை ஒருவருமில்லை. அம்மையார்தான் முதல் ஆளாகப் பெறுவார் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம், அவருக்கும் அந்த ஆசை நிறைய இருந்தது. அதை எங்கே மாட்டுவது என்று வீட்டுச் சுவரில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். இதை எழுத எங்களுக்கு அனுமதி இல்லை, ஆனால் பொய் இல்லை.

விசாரணையன்று பணிப்பாளர் சபைத் தலைவர் நாகரெத்தினம் ஐயா கதிரையைக் காட்டி, "இரிங்க தங்கச்சி, ஒரு கேள்விதான்" என்றார். அம்மையார் இருக்கவில்லை. "கேள்விய வெளியில வந்து கேளுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நடந்தார். விசாரிக்க இருந்த மூன்று பெரிய மனிதர்களும், குறிப்பெழுத இருந்த மேனுகாவும் பின்னால் போனார்கள். முற்றத்தில் அந்தச் சில்லு நின்றது. காற்றுக் கொம்பிரசரை நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, சில்லை மெதுவாக உருட்டச் செய்தார். உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிறகு காற்றை இறக்கி, நெம்புகோல் போட்டு டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து விலக்கிச் சரித்தார்கள். துருப்பிடித்த செந்நிறத் தண்ணீர் சீமெந்துத் தரையில் ஓடி, தலைவரின் புதுச் செருப்பையும் நனைத்தது.

"இது உழவு மெசினுக்கு ஏத்துற தண்ணி ஐயா. லொறிச் சில்லுக்குள்ள விட்டது நான்தான். மெசின் மூணு தரம் மூணு எண் காட்டினது, நான் திருப்பிப் பாக்காமக் கையெழுத்து வெச்சன். உதயரூபன் மூணு தரம் வந்து சொன்னவர், அதையும் நான் கேக்கல்ல. அவரில பிழை இல்ல."

தலைவர் நல்ல மனிதர். செருப்பைப் பார்த்தார், அம்மையாரைப் பார்த்தார். "சரி தங்கச்சி, விசயம் முடிஞ்சிது. கடிதத்தக் கிழிப்பம், உதயரூபன் நாளைக்கே வண்டி எடுக்கட்டும். டயர் பழுதெண்டு மட்டும் எழுதுவம். உங்கட பேர் தேவையில்ல" என்றார்.

"டயர் பழுதெண்டு எழுதினா, எப்படிப் பழுதானதெண்டு நாளைக்கு இன்னொரு தலைவர் வந்து கேப்பார். அந்தக் கேள்வி உதயரூபன்ட கோவையிலதான் கிடக்கும். பிழை எங்க நடந்ததோ அங்க எழுதுங்க."

"அப்படியெண்டா உங்களுக்குச் சான்றிதழ் இல்லாமப் போகும். வீட்ட போய் யோசிச்சிட்டு வாங்க."

"யோசிச்சிட்டுத்தான் வந்திரிக்கன்" என்ற அம்மையார், எழுதாமல் நின்ற மேனுகாவைத் திரும்பிப் பார்த்தார். "எழுது புள்ள."

மேனுகா எழுதினார். அம்மையாரின் கோவையில் அன்றைய திகதியிட்டு இருப்பது மேனுகா தன் கையால் எழுதிய குறிப்புத்தான். அதற்குக் கீழே அம்மையார் ஒப்பம் வைத்திருக்கிறார்.

உதயரூபன் மறுநாள் காலை வந்தார். அம்மையார் அவரிடம் போய், "மூணு தரம் சொன்னீங்க தம்பி, நான் துரத்திட்டன்" என்று சொல்லி நின்றார். உதயரூபன் லொறியின் முன்பக்கத்தைக் காட்டி, "அக்கா, புது டயர் போட்டிரிக்கி. ஒருக்காப் பாத்துத் தாங்களன்" என்றார். அன்று அந்தச் சில்லை அம்மையார் ஒரு தரமல்ல, இரண்டு தரம் திருப்பிப் பூட்டிச் சுழற்றினார். கண் துடைத்துக்கொண்டே சுழற்றினார் என்பதையும் எழுதிவிடுகிறோம், கோபித்தால் கோபிக்கட்டும்.

அதன் பிறகு பணிமனையில் தண்ணீருக்கு ஒரு குழாயும் காற்றுக்கு இன்னொரு குழாயும் வந்தன. அதைவிடப் பெரிய மாற்றம் அம்மையாரில் வந்தது. எந்தச் சாரதி வந்து ஆடுகிறது என்றாலும், "ஆடுதெண்டா ஆடுது. சில்ல இறக்கு" என்பதைத் தவிர வேறு வார்த்தை இந்த ஏழு ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. பெரும்பாலும் சில்லில் ஒரு பிழையும் இருக்காது. அதற்காக யாரையும் அவர் பழித்ததுமில்லை. பிழையே விடாதவர் என்று அவரை நாம் மதித்த காலம் ஒன்று இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் காலத்தில் அவருக்குப் பயந்தோம். அன்பு வைத்தது இதற்குப் பிறகுதான்.

போன மாதம் சான்றிதழ் பெறுவோரின் பட்டியல் வந்தது. எதிர்பார்த்தபடியே அம்மையாரின் பெயர் அதில் இல்லை. எங்களுக்கு மனம் ஆறவில்லை. அவரது கோவையிலிருக்கும் அந்தக் குறிப்பை நீக்கவேண்டும் என்று சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, நாற்பத்திரண்டு பேர் கையெழுத்தும் வைத்தோம். விசயம் எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. வந்து விண்ணப்பத்தைக் கேட்டார், கொடுத்தோம். வாசித்துவிட்டு மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உதயரூபன வேலையில வெச்சிரிக்கிறது இந்தக் குறிப்பச் சொல்லித்தான். அவரத் திரும்ப எடுத்த கடிதத்தில எழுதியிரிக்கி, போய்ப் பாருங்க. இத அழிச்சா அது எதில நிக்கும்? பேசாமப் போய் வேலையப் பாருங்க" என்றார். விண்ணப்பம் இன்றுவரை திரும்பி வரவில்லை.

ஆகவே சபையோரே, இந்த மடலில் "மாசற்ற" என்ற சொல்லை நாம் எங்கும் அம்மையாருக்குச் சூட்டவில்லை. அது கந்தோர் கொடுக்கும் சொல், கந்தோரிடமே இருக்கட்டும். ஒரு மனிதனின் வாழ்வு கெட்டுவிடாமலிருக்கத் தன் பெயரைத் தானே முன்வந்து தாழ்த்திக்கொண்டவரை வாழ்த்த எந்தச் சொல் பொருத்தம் என்று இரண்டு வாரமாகத் தேடினோம். கிடைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டோம்.

இப்போது ஒரேயொரு தடவை கட்டளையை மீறி, உங்கள் முகம் பார்த்து வாசிக்கிறோம்.

அன்புக்குரிய அக்கா! நீங்கள் நெடுநாள் நலமாக இருக்கவேண்டும். சுத்தியல் பிடித்த உங்கள் வலது தோளில் இருக்கும் நோவு மாறவேண்டும். பகலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கப் பழகவேண்டும். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் இனியாவது உங்கள் வாயிலிருந்து சில்லுக் கதையைத் தவிர வேறு கதை கேட்கக் கிடைக்கவேண்டும். கொத்துக்குளத்து மாரியம்மன் உங்களுக்கு நிறைந்த ஆயுளும் குறையாத சுகமும் தரவேண்டும் என்று உங்கள் தோழர் தோழியர் நாற்பத்திரண்டு பேரும் மன்றாடுகிறோம்.

இத்தகைய மடல்களில் பொது முகாமையாளர் ஒப்பமிடுவது எங்கள் வழமை. இம்முறை அவர் தாமாகவே விலகிக்கொண்டார். எல்லோர் சார்பிலும் ஒருவர் மட்டும் ஒப்பமிடட்டும், பெயருக்குக் கீழே தமது பதவியையும் தம் கையாலேயே எழுதட்டும் என்று தீர்மானித்தோம்.

சில்லுப் பிரிவு, பணிமனை, கந்தோர் ஊழியர் அனைவருக்குமாக,

இராசையா உதயரூபன்
சாரதி